மடிப்புக்குக் கீழே

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் முதலில் எடுப்பவர் அவர்தான். ஜுரமா, பிரசவமா, சாவா என்று எதிர்முனைக்காரர் வாய் திறப்பதற்குள், மூச்சு விடுகிற தினுசை வைத்தே எந்த வார்டுக்கு இணைப்புக் கொடுப்பது என்று பாதி தீர்மானித்துவிடுவார். வருஷக்கணக்காக அதே நாற்காலி, அதே ‘ஹலோ’. கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. பார்வை இல்லாதவர் என்பது நேரில் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை முடிந்தால் நேரே தையற்கடை. கடைக்காரம்மா ஷட்டரைப் பாதி இறக்கி, வெட்டுகிற மேஜையில் கிடக்கும் துணிகளை ஓரமாகத் தள்ளினால் அது ஓட்டுக்காரர்களின் ஆபீஸ். எந்தக் கட்சிக்கும் அவர்கள் ஆள் இல்லை. ஓட்டுப் போடாதவர்களைப் போடவைப்பது, போட வந்தவர்களை யாராவது திருப்பி அனுப்பினால் சண்டைக்கு நிற்பது, இவ்வளவுதான் வேலை. சண்டைக்கு நிற்கிற ஆள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முன்பொரு தேர்தலில், சக்கர நாற்காலியில் வந்த ஒருவரைப் படி ஏற்ற முடியாது என்று சாவடிக்காரர்கள் கைவிரித்தபோது, கண்டக்டர் அந்தப் படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “எல்லாரும் ஏறினாத்தான் வண்டி நகரும்” என்று விசில் வேறு ஊதினார். சாய்வுப் பலகை வந்து சேரும்வரை ஒருவரும் உள்ளே போக முடியவில்லை.

ஹலோவின் பங்கு போன். சுற்றுவட்டாரத்தில் பார்வையில்லாத வாக்காளர்கள் எல்லோரையும் அவர்தான் கூப்பிடுவார். துணைக்கு ஓர் ஆளை அழைத்துக்கொண்டு போய் அவர் கையால் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் இருந்தும், அவர்களில் பலர் வீட்டைவிட்டு வந்ததே இல்லை. ஹலோ அவர்களிடம் சட்டம் பேசமாட்டார். “நான் எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன். என் கையைப் புடிச்சு நான் சொல்ற இடத்துல பேனாவை வெப்பாரு. நீங்களும் நம்பிக்கையான ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, அவ்வளவுதான்” என்பார். அந்தப் பேச்சில்தான் அத்தனை பேரும் கிளம்பினார்கள். பாட்டு டீச்சர் தன் அறுபதாவது வயதில் முதல் ஓட்டைப் போட்டது அப்படித்தான், மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. “நல்லாத்தான் பேசறே. சுருதிதான் கொஞ்சம் இறங்குது” என்று ஹலோவையே கிண்டல் செய்கிற அம்மா அவர்.

அண்ணன் பம்பு மெக்கானிக். சின்ன வயதில் காய்ச்சலில் தம்பிக்குக் கண் போன நாளிலிருந்து அவனுக்குச் சோறு, படிப்பு, சட்டை, செருப்பு எல்லாம் அண்ணன்தான். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே பேப்பரை விரித்து உரக்கப் படிப்பார். அரசியலில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். “உனக்கு நாட்டு நடப்பு தெரியலைடா” என்று அவர் சொல்ல, “நீ படிச்சுக் காட்டறதைத்தானே நான் கேக்கறேன்?” என்று இவர் சொல்ல, அண்ணி வந்து இரண்டு பேரையும் வைது டீயை நீட்டுகிறவரை ஓயாது. ஆனால் தேர்தல் அன்று அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நிற்பார். தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு என்று காதோரம் கேட்பார். அண்ணனுக்குப் பிடிக்காத பெயரைத்தான் தம்பி சொல்வார். “சரிடா” என்பார் அண்ணன். அந்தச் சரிடா ஒன்றுக்காகவே ஹலோவுக்கு அவர்மேல் கொள்ளை மரியாதை.

மழைக்காலத்தில் ஒருநாள் பம்பு ரிப்பேருக்குப் போன இடத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த அழைப்பையும் எடுத்தது ஹலோதான்.

அதன்பிறகு வந்த முதல் தேர்தல் இது. யாரைத் துணைக்குக் கூட்டிப் போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தையற்கடைக்காரம்மா ஓர் உறையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். வழவழப்பான பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஓட்டுச்சீட்டைச் செருகினால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு துளை. துளைக்குப் பக்கத்தில் புடைத்த புள்ளிகளில் எண்.

“இந்தத் தடவை எல்லாச் சாவடியிலயும் தர்றாங்க தம்பி. துணையே வேண்டாம். போன தடவை மாதிரிச் சீட்டு ஒண்ணு உள்ள போட்டு வெச்சிருக்கேன். பழகிப் பாருங்க.”

“பழகிட்டு எங்களுக்கும் சொல்லிக்குடுங்க” என்றார் கண்டக்டர். “நான் எப்பவும் சீட்டைத் தலைகீழா மடிச்சு வாங்கிக் கட்டிக்கறேன்.”

“எனக்கு எதுக்கு இது?” என்றார் ஹலோ. “அண்ணி வருவாங்க. வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாங்க.”

“உங்களுக்கு வேண்டாம்னா மத்தவங்களுக்குச் சொல்லித் தரவாவது தெரிஞ்சுக்கங்க.”

சரி என்று உறைமேல் விரலை ஓட்டினார். மொத்தம் ஒன்பது துளை. போன தேர்தலில் அவர் ஓட்டு, ஆஸ்பத்திரியில் முன்பு நர்ஸாக இருந்து சுயேச்சையாக நின்ற அம்மாவுக்கு. பட்டியலில் அந்தம்மா இரண்டாவது. இரண்டாவது துளையில் பேனாவை வைத்துக் குறி போட்டார். சுலபமாக இருந்தது. சிரிப்புக்கூட வந்தது.

பிறகு சிரிப்பு நின்றது.

“அக்கா, இதுல மடிப்பு இல்லையா? போன தடவை இருந்ததே.”

“இருக்கே. மடிச்சுத்தான குடுப்பாங்க. சரியா நடுவுல, அஞ்சாவது பேர் மேல.”

“நடுவுலயா?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல” என்றார். உறைக்குள்ளிருந்து சீட்டை உருவி, விரலால் மடிப்பைத் தேடினார். அவர் குறி போட்ட இடத்துக்கு வெகு கீழே இருந்தது அது.

போன தேர்தலில் தடுப்புக்குப் பின்னால் நின்றபோது அண்ணனின் சொரசொரப்பான உள்ளங்கை அவர் கையை மூடியிருந்தது. பேனா சீட்டின்மேல் இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் முனை தட்டியது. “மடிப்புடா, மெல்ல” என்று அண்ணன் முணுமுணுத்தார். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இறங்கி, அங்கே குறி போட்டார்கள். சீட்டு கிழிந்துவிடக் கூடாதே என்று அந்த முரட்டுக் கை அன்று காட்டிய பக்குவத்தை ஹலோ எத்தனையோ தடவை நினைத்து நெகிழ்ந்திருக்கிறார். அண்ணன் செத்த பிறகு இன்னும் அதிகமாக.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அண்ணனுக்காக அவரே வாதாடினார். சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருப்பாரோ. கீழே போய்விட்டுப் பிறகு மேலே வந்தோமோ. தலைகீழாகப் பிடித்தால் குறி போடுகிற கட்டம் இடப்பக்கம் வந்திருக்கும்; பேனா இறங்கியது வலப்பக்கத்தில். மேலே வந்திருந்தால் மடிப்பு இன்னொரு தடவை தட்டியிருக்கும். டெலிபோன் போர்டில் பிளக்கைத் தொட்டே எந்த வார்டு என்று சொல்கிற விரல் அது. அதனிடம் சாக்குப்போக்கு செல்லவில்லை.

அண்ணி சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஹலோ கதவோரமாக நின்று கேட்டார்.

“அண்ணி, போன தேர்தல்ல அண்ணன் என் கையை எங்க வெச்சாரு?”

கத்தி நின்றது. “எதுக்கு இப்ப அது?”

ஹலோ கண்ணை மூடிக்கொண்டார். தெரியாதவர்கள் ‘எது?’ என்று கேட்பார்கள். ‘எதுக்கு இப்ப?’ என்பவர்களுக்குத் தெரியும். ஒரு வாழ்நாள் முழுக்கக் குரலை மட்டும் கேட்டு வேலை பார்த்தவருக்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. ஆனாலும் காது இன்னும் கேட்டால் தேவலை என்றது.

“சொல்லுங்க அண்ணி.”

“அந்த நர்சம்மா ஜெயிக்கவா போறாங்க? வீணாப் போற ஓட்டு, ஒரு வேலைக்கு ஆகட்டுமேன்னு...”

“அந்த ஒரு தடவையா, எல்லாத் தடவையுமா?”

“எல்லாத் தடவையுந்தான்” என்றார் அண்ணி மெல்ல.

“சாவடியிலேருந்து வந்து உங்ககிட்டச் சொல்வாரா?”

“சொல்வாரு.”

“சிரிப்பீங்களா?”

“சீ, என்ன தம்பி நீ...” என்று ஆரம்பித்த அண்ணி பாதியில் நிறுத்தினார். பொய் சொல்லத் தெரியாதவர். “ஒரு தடவை சிரிச்சோம். நீ அவ்வளவு சந்தோஷமா வந்து, இன்னைக்கு என் ஓட்டால ஆட்சியே மாறிடும்னு சொன்னே. அதுக்குத்தான்.”

ஹலோவுக்கு நர்ஸம்மாவின் நினைவு வந்தது. தோற்ற மறுநாள் அந்தம்மாவைக் கூப்பிட்டு, என் ஓட்டு உங்களுக்குத்தான் என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். “எனக்குப் போட்டவங்களை விரல் விட்டு எண்ணிடலாம் ஹலோ. நீங்கதான் முதல் விரல்” என்றார் அந்தம்மா. இன்றுவரை அந்த நன்றியை அவர் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

“ஒரு ஓட்டுதானே தம்பி. அதுல என்ன ஆயிடப் போவுது?”

“ஒண்ணும் ஆகாதுன்னா என்கிட்டயே விட்டிருக்கலாமே அண்ணி. ஏன் எடுத்துக்கிட்டாரு?”

அண்ணி மூக்கை உறிஞ்சினார். வெங்காயமா, அழுகையா என்று முதல்முறையாக அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“உன் நல்லதுக்குன்னுதான் நெனச்சாரு. உனக்காக அவரு விட்டது எவ்வளவுன்னு உனக்கே தெரியும். எங்களுக்குன்னு ஒரு புள்ளகூட வேண்டாம்னுட்டாரு, நீ ஒருத்தன் போதும்னு. செத்த மனுஷன் பேரை வெளியில கெடுத்துடாதே. அது ஒண்ணுதான் நான் கேக்கறேன்.”

அவர் சொன்ன எல்லாமே நிஜம். பொய்யாக இருந்திருந்தால் கோபப்படுவது எளிதாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் அண்ணி பேப்பரை எடுத்துப் படிக்க வந்தார், அண்ணன் போனதிலிருந்து அந்த வேலை அவருடையது. “வேண்டாம் அண்ணி, ரேடியோ கேட்டுக்கறேன்” என்றார் ஹலோ. இத்தனை வருஷம் படித்துக் காட்டியதில் எதையெல்லாம் அண்ணன் தாண்டிப் போனார், எதையெல்லாம் கூட்டிச் சொன்னார் என்று தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

அடுத்த வாரம் தையற்கடையில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார். பார்வையில்லாதவர்கள் எல்லோரிடமும் உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் பாட்டு டீச்சர்.

“ஹலோ டீச்சர்.”

“யாரு, நம்ம ஹலோவா? தேர்தல் வந்தாத்தான் என் நெனப்பு வரும் உனக்கு. கட்சிக்காரனே பரவாயில்ல.”

அவர் உறையைப் பற்றி விளக்கினார். எத்தனை துளை, புள்ளி எப்படி இருக்கும், துணை இல்லாமலே போடலாம், யாருக்குப் போட்டோம் என்று இன்னொரு உயிருக்குத் தெரியாது.

“நல்ல விஷயந்தான். ஆனா எனக்கு வேண்டாம்ப்பா. என் பொண்ணு வர்றாளே.”

“பொண்ணு கூட வரட்டும் டீச்சர். வாசல்ல நிக்கட்டும்.”

“வாசல்ல நில்லுடின்னு எப்படிச் சொல்றது? அவ லீவு போட்டுட்டு வர்றா. மனசு கஷ்டப்படாது?”

உறையைக் கொடுத்த அன்று ஹலோவின் வாயிலிருந்து வந்த அதே சொற்கள், அதே சுருதி. தையற்கடைக்காரம்மாவின் மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் யாரிடமோ சாவடி மாறிய விவரத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே சரி டீச்சர் என்று சொல்லி வைத்துவிடலாம். டீச்சரின் மகள் அப்படிப்பட்டவளாக இருக்கமாட்டாள். அண்ணனும்தான் அப்படிப்பட்டவர் இல்லை.

“நீதானே சொன்னே” என்றார் டீச்சர். “நம்பிக்கையான ஆளைக் கூட்டிட்டு வாங்க, நான் எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன்னு. அதைக் கேட்டுத்தானே நான் வெளியிலயே வந்தேன்.”

“ஆமா டீச்சர். அதுக்காகத்தான் கூப்பிட்டேன். எங்க அண்ணன் ஒரு தடவைகூட நான் சொன்ன இடத்துல போடல.”

மிஷின் நின்றது. கண்டக்டரின் குரலும் நின்றது.

“என்னப்பா சொல்றே?”

“அவருக்குப் புடிச்ச ஆளுக்கே என் கையை வெச்சுப் போட்டிருக்காரு. வீட்டுல போய்ச் சொல்லியும் இருக்காரு. எனக்கு இப்பத்தான் தெரியும். நான் இத்தனை வருஷமா ஓட்டே போட்டதில்ல டீச்சர். உங்களையெல்லாம் போடச் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

எதிர்முனையில் மூச்சு மாறியது. அதில் முதலில் திகைப்பு இருந்தது. பிறகு வேறென்னவோ வந்தது, அவர் எதிர்பார்த்த இரக்கம் இல்லை.

“ஏம்ப்பா இதை எங்கிட்டச் சொன்னே?”

“உங்க ஓட்டு...”

“என் ஓட்டு கெடக்குது. என் பொண்ணு தெனமும் கையைப் புடிச்சுத்தான் என்னை ரோட்டைத் தாண்ட வைக்கறா. கடையில மிச்சக் காசு எண்ணித் தர்றா. மாத்திரை எடுத்துக் குடுக்கறா. இப்ப வந்துடுவா. நான் அந்தக் கையை இனி எப்படிப் புடிப்பேன்? சொல்லு.”

“டீச்சர்...” என்று ஆரம்பித்தார் ஹலோ.

“உங்க அண்ணன் உனக்குப் பண்ணினதை நீ எனக்குப் பண்ணிட்டே” என்றார் டீச்சர். அதில் கிண்டல் இல்லை, சுருதி துளியும் பிசகவில்லை. அப்புறம் கொஞ்சம் இறங்கி, “ரெண்டாவது எண்ணுக்கு எத்தனை புள்ளின்னு சொன்னே?” என்று கேட்டார்.

அவர் சொன்னார். டீச்சர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

தையற்கடைக்காரம்மா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மத்தவங்களுக்கு நான் பேசட்டுமா தம்பி?”

“வேண்டாம்க்கா. என் பேச்சைக் கேட்டு வந்தவங்க அவங்க” என்றார் ஹலோ. ஓய்ந்த ரிசீவரை இன்னும் காதிலிருந்து எடுக்காமல், அடுத்தவரின் எண்ணை விரலால் தேட ஆரம்பித்தார்.