தறி நின்ற தெரு

தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீரப்போவது சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அங்கம்மாள் தறியை நிறுத்தி, நூல் சுற்றிய புதுத் தாரைச் செருகி, கைப்பிடியை நெஞ்சுப் பக்கமாக இழுத்தாள். தறி மறுபடி தடதடவென்று ஓடத் தொடங்கியது.

முன்னால் முதலாளி குழந்தைவேலின் வீடு, பின்னால் ஆறு தறிகள் ஓடும் கூடம். காவிரிக்கரையை ஒட்டிய அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் இப்படித்தான். தறிக்கூடத்தில் வாயால் பேசுகிறவன் தொண்டை வற்றிச் சாக வேண்டியதுதான். அதனால் அங்கே கைதான் பேசும். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் ‘நிறுத்து’. முஷ்டியை நெஞ்சுக்கு இழுத்தால் ‘ஓட்டு’.

குழந்தைவேல் வாசலில் வந்து நின்று உள்ளங்கையை அமுக்கினார். அங்கம்மாள் தறியை அமர்த்திவிட்டு வெளியே வந்தாள்.

“நகராட்சிக்குப் போவோணும். நீயும் வா அம்மணி. பொம்பளையாளு வந்து நின்னாத்தான் அங்க காது குடுப்பாங்க.”

நகராட்சி புதிதாகப் போட்ட வரைபடத்தில் அந்தத் தெரு குடியிருப்புப் பகுதி ஆகியிருந்தது. அப்படியே நிலைத்துவிட்டால் தறிக்கு உரிமம் கிடையாது, கரண்டு கிடையாது. குழந்தைவேல் ஆறு தறிகளையும் பழைய இரும்புக்குப் போடுவார். அங்கம்மாளுக்கு வேறு தொழில் தெரியாது. அவள் வீட்டு உலை கொதிப்பதே அந்தத் தறியில்தான்.

நகராட்சி அலுவலகத்துச் சுவர் நிறைய வரைபடம் விரிந்திருந்தது. அங்கம்மாள் மலைத்துப்போனாள். நீலமாக ஆறு, பாம்பாக வளைந்து பள்ளிபாளையம் ரோடு, பஸ் ஸ்டாண்டு, சந்தை. பிறந்ததிலிருந்து கால் தேய நடந்த ஊரை ஒரே பார்வையில் பார்க்க முடிகிறதே! அவர்கள் தெரு சுண்டுவிரல் நகத்தளவில் மஞ்சளாக இருந்தது.

“ஏனுங்ணா, நாம இதுக்குள்ளயா இருக்கறமுங்க?” என்று கேட்டவள், தொடப்போன விரலை மரியாதையாக இழுத்துக்கொண்டாள்.

நகரமைப்புக் குழுவின் தலைவி பிரபாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். தெருவைத் தொழில் பகுதியாக்கக் கேட்டுக் குழந்தைவேல் நீட்டிய மனுவை முழுவதும் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“குழு நேர்ல வந்து பாக்குமுங்க. கண்ணால பாத்ததை மட்டும்தான் எழுதுவோம். இன்னார் சொன்னாங்கன்னு எழுதற பழக்கம் எங்கிட்ட இல்லீங்க.”

அங்கம்மாளுக்கு மெய்சிலிர்த்தது. “தங்கமான மனுசி” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். குழு வருவதற்கு முன்னே தெருவுக்குப் பிளீச்சிங் பவுடர் வந்தது. பெண்கள் வாசலுக்கு வாசல் கோலம் போட்டார்கள். அங்கம்மாள் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள்.

மாரியம்மன் தேர் வந்தாலும், பிணம் போனாலும் தறியை அமர்த்துவது அந்தத் தெருவின் வழக்கம். சாமிக்கும் சாவுக்கும் தவிர வேறு எவருக்காகவும் தறிகள் நின்றதில்லை.

“அந்தம்மாவும் நமக்குச் சாமி மாதரதானுங்க” என்றாள் அங்கம்மாள். “அவிய பேசறது நம்ம காதுல உழுகோணுமில்லீங்களா?”

குழந்தைவேலுக்கும் அதுவே முறையாகப் பட்டது. ஜீப் தெருமுனையில் திரும்பியதும், நடுத்தெருவில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் கீழே அமுக்கினார். வீடு வீடாகத் தறிகள் அடங்கிக்கொண்டே போயின.

கடைசித் தறியும் நின்றபோது ஆற்றின் சத்தம் கேட்டது. பட்டப்பகலில், அந்தத் தெருவில்! அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரபாவும் நடப்பதை நிறுத்திக் கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆத்துச் சத்தமுங்களா இது?”

“ஆமாங்கம்மா” என்றாள் அங்கம்மாள். இத்தனை பெரிய மனுஷி தன் தெருவில் நின்று, தன் ஆற்றைக் கேட்கிறாளே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒரு எட்டு உள்ள வந்து தறியப் பாருங்கம்மா” என்று குழந்தைவேல் கூப்பிட்டார்.

“இருக்கட்டுங்க. இன்னும் ரெண்டு வார்டு பாக்கோணும்.”

இளநீரைக் குடித்துவிட்டுக் குழு கிளம்பியது. ஜீப் மறைந்ததும் தெரு மறுபடி இரைய ஆரம்பித்தது.

நகராட்சி மன்றக் கூட்டத்துக்கும் இருவரும் போனார்கள். பார்வையாளர் வரிசையின் கடைசி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, அங்கம்மாள் உயரமான கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஆளுக்கொரு மைக்கு. ஒரு தெருவுக்கு விளக்குப் போட நிதி கேட்டார்கள், “சரி” என்றார்கள், முடிந்தது. இன்னொரு தெருவுக்குச் சாக்கடை, அதற்கும் “சரி”. ஒரு சொல்லில் ஒரு தெருவுக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது என்று அவள் வாய் பிளந்தாள். தங்கள் தெருவுக்கும் அந்தச் சொல் வரப்போகிறது என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

பிரபா எழுந்து வாசித்தார்.

“குழு நேரில் ஆய்வு செய்தபோது, மேற்படி தெருவில் தறி எதுவும் இயங்கவில்லை. ஆற்றோசை கேட்கும் அளவுக்கு அமைதி நிலவியது. எனவே குடியிருப்புப் பகுதியாகவே உறுதி செய்யலாம். மக்கள் அமர்ந்து இளைப்பாற, அங்கே சிமெண்டு பெஞ்சுகள் அமைக்க நிதி ஒதுக்கலாம்.”

அங்கம்மாள் எழுந்துவிட்டாள்.

“இல்லீங்கம்மா! ஓடுதுங்க! உங்களுக்காவத்தான் அமத்துனோமுங்க!”

அதற்குள் உறுப்பினர்கள் ஆமோதித்து மேசையைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். வரிசை வரிசையாக மேசைகள் தடதடத்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அந்த மாதிரிச் சத்தத்தில் வாயால் பேசிப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியாததா? கை தானாக எழுந்தது. முஷ்டியை நெஞ்சுக்கு இழுத்தாள். ஓட்டு. மறுபடி இழுத்தாள். பக்கத்தில் குழந்தைவேலும் எழுந்து நின்று இழுத்தார்.

கூட்டத்துக்கு அப்பாலிருந்து பிரபா அவர்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. மைக்கைவிட்டு ஒதுங்கி நின்று, இரண்டு கைகளையும் கூப்பி அவர்களுக்குப் பதில் வணக்கம் சொன்னார்.