ஒரு தீக்குச்சி இடைவெளி

வாசலில் பறை முழங்கிக்கொண்டிருந்தபோது, இளவேனில் கோழிக் கொட்டகையில் ஹீட்டரின் கடைசி ஸ்குரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துருவேறிய அந்தச் சனியன் அசைவேனா என்றது. வெளியே ராஜகிரி மலை இன்னும் பனிக்குள்தான் இருந்தது. படுதாவை இறக்கிவிட்டும் மார்கழிக் குளிர் உள்ளே நுழைந்திருந்தது. நேற்று இறக்கிய இரண்டாயிரம் குஞ்சுகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அப்படியே விட்டால் அடியில் இருப்பவை நசுங்கிச் செத்துவிடும்.

காஸில் எரிந்து, சூட்டைக் காற்றாடியால் கொட்டகை முழுக்க ஊதித் தள்ளும் ஹீட்டர் அது. பொறி விடும் பிளக்கும், நெருப்பைக் கவனித்துக்கொள்ளும் சென்சாரும் தேய்ந்து போயிருந்தன. அப்பா கனகராஜ் விழுப்புரம் போய்ப் புதிது வாங்கி வந்திருந்தார். நேற்று சாயங்காலமே மாட்டப் போனவரைத் தடுத்தது இவள்தான்.

“இன்னும் ஒரு நாள் தாங்கும் நைனா. காலைல மாத்திக்கலாம், போய்ப் படு.”

விடியற்காலையில் ஹீட்டர் நின்றுவிட்டது. சத்தம் நின்றது அவர் காதுக்கு மட்டும் எட்டியிருக்கிறது. எழுந்து வந்தவர் ஹீட்டரின்மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். உடம்பின்மேல் போர்த்த அவருடைய பச்சைச் சால்வையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து பிளக்கும் சென்சாரும் இருந்த பொட்டலம் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தவள்தான். இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றிருந்தது.

ஸ்குரூ கழன்றது. சென்சாரை மாற்றினாள், பிளக்கை மாட்டினாள். பொறி தாண்டும் பிளக்கின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தீக்குச்சியை விட்டுப் பார்த்தாள். இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் நுழைய வேண்டும். நைனா அப்படித்தான் பார்ப்பார். காஸைத் திறந்துவிட்டு சுவிட்சில் கை வைத்தாள்.

“இன்னாடி பண்றே?” படுதாவை விலக்கிக்கொண்டு அத்தை லட்சுமியம்மாள் நின்றாள். தொண்டூரிலிருந்து தலைவிரிகோலமாக ஓடி வந்தவள். “பொணம் எடுக்காத வீட்ல நெருப்பு மூட்டுவாங்களா? அடுப்பே பத்தவெக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?”

“குஞ்செல்லாம் செத்துடும் அத்தே.”

“சாவட்டும்! எங்கண்ணனே போயிட்டான்...”

இளவேனிலின் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது. சத்தம் கேட்டு அம்மா உண்ணாமலை பிணத்தருகிலிருந்து எழுந்து வந்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். ஹீட்டரைப் பார்த்தாள்.

“ஒங்கண்ணன் இந்தக் குளுர்ல எதுக்கு எந்திரிச்சி வந்தாரு லட்சுமி?”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீ பத்தவெய்டி” என்றாள் அம்மா, மகளிடம்.

டக், டக் என்று பொறி விழுந்தது. முதலில் பிடிக்கவில்லை. மறுபடி போட்டதும் நீலமாகப் பற்றிக்கொண்டது. காற்றாடி சுழன்றது. வெதுவெதுப்பு பரவப் பரவ, குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி நடந்தன. ஐந்தாறு மட்டும் எழவில்லை. அவற்றுக்கடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

சால்வை. தரையின் சில்லிப்பு ஏறாதிருக்க அவர்தான் விரித்திருக்கிறார்.

உண்ணாமலை அதை எடுத்து உமியை உதறினாள். வாசலுக்குக் கொண்டுபோய் அவர்மேல் போர்த்தினாள். பின்னாலேயே வந்த இளவேனில் கால்மாட்டில் உட்கார்ந்து, சால்வைக்குள் கையை விட்டு அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

சால்வையில் இன்னும் சூடு இருந்தது.