இரட்டைப்படைப் பூக்கள்

விடிந்ததும் எழுந்தேன். முகம் மழித்தேன். ரொட்டியில் ஆட்டுப்பால் சீஸை வைத்து நின்றபடியே தின்றேன். தேநீர் குடித்தேன். முற்றத்துக் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துப் பேருந்தின் கண்ணாடிகளைத் துடைத்தேன். டயர்களை உதைத்துப் பார்த்தேன். டயர் கழற்றும் கம்பியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஒடெசா ரயில் நிலையச் சதுக்கத்தில் ரோஸா மார்க்கோவ்னா ஏற்கெனவே ஒலிபெருக்கியோடு நின்றிருந்தாள். எங்களுக்கு ஆள் கூப்பிடுபவள் அவள்தான்.

“கோட்டை பாக்கறவங்க நாளைக்கு வாங்க! இன்னைக்குச் சுரங்கம்! கடல் எங்கயும் ஓடிப்போகாது, சாயங்காலம் குளிச்சுக்கலாம்!”

தொப்பி போட்ட ஒரு பெண்மணி நின்றாள். “சுரங்கத்துல பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு?”

“ஒரே இருட்டு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தானே போறீங்க?”

“குளிருமா?”

“வீட்டுக்காரரைக் கட்டிக்குங்க. அவரும் பாவம், எத்தனை நாள்தான் சும்மா இருப்பாரு?”

பெண்மணி சிரித்துக்கொண்டே ஏறினாள். வீட்டுக்காரர் சிரிக்காமல் ஏறினார்.

இந்தச் சதுக்கத்துக்காகப் போன கோடையில் அடித்துக்கொண்டோம். ரயிலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்களை யார் ஏற்றுவது என்பதுதான் தகராறு. எதிர்க்கூட்டம் என் பேருந்தின் முன்கண்ணாடியை உடைத்தது. நான் அவர்களில் ஒருவனின் பல்லை உடைத்தேன். என் இரண்டு விரல்களைக் கார் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். அவை இன்னும் சரியாக மடங்குவதில்லை.

இனெஸ்ஸா என் மனைவி. சரித்திரம் படித்தவள். நான் கப்பல் இயந்திரம் படித்தேன். படித்ததற்கு வேலை இல்லாத வருடங்கள் அவை. அவள் வழிகாட்டியானாள், நான் ஓட்டுநரானேன். எங்கள் நகரத்து வீடுகளுக்கெல்லாம் கல் வெட்டி எடுத்த சுரங்கத்துக்கு ஆட்களை அழைத்துப்போவாள். போர்க்காலத்தில் மக்கள் அதில் ஒளிந்திருந்தார்கள். அவர்கள் எந்த இருட்டில் இருந்தார்கள் என்று காட்டுவதற்காக, ஆழத்தில் ஒரு வளைவில் எல்லோரையும் நிறுத்தி விளக்குகளை அணைக்கச் சொல்வாள். ஒரு நிமிடம். எங்கள் ஊர் வழிகாட்டிகள் எல்லோரும் செய்வதுதான்.

ஓட்டுநர் வரிசையின் கடைசியில் வர வேண்டும், யாரும் கிளைப்பாதையில் தவறிவிடாமல். அதே கோடையில் ஒரு நாள், வழக்கம்போல் நான் கடைசியில் நின்றேன். விளக்குகள் அணைந்தன. சற்று நேரம் கழித்து முன்னாலிருந்து அவள் குரல் கேட்டது. தாழ்ந்த குரலில் யாரிடமோ ஏதோ சொன்னாள். சொற்கள் பிடிபடவில்லை. அடுத்து, தர்பூசணி தரையில் விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

விளக்குகள் எரிந்தபோது ஆட்களைத் தள்ளி மிதித்துக்கொண்டு போனேன். அவள் பின்மண்டை உள்ளே போயிருந்தது. கண் திறந்திருந்தது. மேலே தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

கூரைக் கல் விழுந்ததாக எழுதி வழக்கை மூடினார்கள். நுழைவாயில் அருகே விபத்து என்று செய்தித்தாளில் வந்தது. நான் எதிர்க்கூட்டத்தின் கொட்டகைக்குக் கம்பியோடு போனேன். ஒருவனின் தோளெலும்பை முறித்தேன். யார் செய்தது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. மற்றவர்கள் வந்து என் விலா எலும்புகளை உதைத்தார்கள். அத்துடன் சதுக்கத்தை விட்டுவிட்டார்கள். ஒரு சாவு போதும் என்று நினைத்திருக்கலாம்.

அவளுடைய கடைசி வார்த்தை என்ன என்று அங்கே இல்லாத எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் பெயரைச் சொன்னாள் என்றாள் ரோஸா. வந்தவர்களைக் காப்பாற்றச் சொன்னாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவள் அம்மா, ஜெபம் சொன்னாள் என்றார். இனெஸ்ஸாவுக்கு ஜெபம் தெரியாது. நான் எதையும் மறுக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் வழிகாட்டியும் நானே. அவள் சொன்னதையே சொன்னேன். விளக்கை மட்டும் அணைத்ததில்லை.

ரோஸா கூவிக்கொண்டிருந்த அந்தக் காலையில் பேருந்து கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. செய்தித்தாளில் சுற்றிய சிவப்புக் கார்னேஷன் பூக்களோடு ஒருவன் வந்தான். என் வயதுதான் இருக்கும்.

“ஏன் தம்பி, பூக்காரி ஏமாத்திட்டாளா?” என்றாள் ரோஸா. “நாலு இருக்கே. பொண்ணுக்குக் கொடுக்கறதுன்னா ஒத்தைப்படைதானே? ஒண்ணை எங்கிட்ட கொடு, கணக்கு சரியாயிடும்.”

“நாலுதான் வேணும்க்கா.”

ரோஸா ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினாள். எங்களிடையே இரட்டைப்படையில் பூ வாங்குவது செத்தவர்களுக்கு மட்டும்தான்.

“கல்லறைக்குன்னா டிராம் அந்தப் பக்கம் நிக்குது.”

“சுரங்கத்துக்குத்தான் போகணும்.”

அவன் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. போன வருடம் எனக்குத் தாடி இருந்தது.

ரோஸா என் ஜன்னலுக்கு வந்தாள். “வேனியா, பாத்தியா?”

“பாத்தேன்.”

“வண்டி ரிப்பேர்னு சொல்லு. நான் எல்லாரையும் இறக்கி விட்டுடறேன்.”

“ஏறியாச்சு, ரோஸா மார்க்கோவ்னா.”

“இவங்களை இறக்க நான் இருக்கேன். நீ ஜெயிலுக்குப் போனா உன்னை வெளியில எடுக்க யாரு இருக்கா, சொல்லு பாப்போம்?”

கியர் போட்டேன்.

சுரங்கத்தில் எல்லோருக்கும் கைவிளக்கு கொடுத்தேன். கம்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். நுழைவாயிலில் அவன் நிற்கவில்லை. செய்தித்தாள் சொன்ன அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆழத்து வளைவில், கரியால் கப்பல் வரைந்த சுவரின் அடியில், பின்தங்கிக் குனிந்து பூக்களை வைத்தான். அவள் விழுந்த இடம் அதுதான். செய்தித்தாள் படித்தவனுக்கு அது தெரிந்திருக்காது, அன்று உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

“அடுத்த அறையில பெஞ்சு இருக்கு, உக்காருங்க. யாரும் எழுந்து வராதீங்க,” என்று மற்றவர்களை அனுப்பினேன். திரும்பி நடந்தேன். அவன் விளக்கைத் தட்டிவிட்டேன். என்னுடையதை அணைத்தேன்.

“யாரு?” என்றான்.

முழங்காலில் அடித்தேன். எலும்பு நொறுங்குவது கம்பி வழியாகக் கைக்குத் தெரிந்தது. அவன் கத்திக்கொண்டே விழுந்தான். மறுபடி ஓங்கினேன், கம்பி சுவரில் பட்டுத் தீப்பொறி பறந்தது. அவன் ஒரு கல்லைப் பற்றி என் நெற்றியில் இடித்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இருட்டில் கண்ணால் ஆகவேண்டியது எதுவும் இல்லை. கம்பியை அவன் தாடையில் இறக்கினேன். பிறகு அதைப் போட்டுவிட்டு அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தேன்.

“விளக்கை... விளக்கை உடைக்கத்தான் சொன்னாங்க,” என்றான். வாயில் ரத்தம் கொழகொழத்தது. “பயமுறுத்தத்தான். அவ எங்க நின்னான்னு எனக்குத் தெரியல.”

“பொய். உன் பக்கத்துலதான் நின்னா. உங்கிட்ட ஏதோ சொன்னா.”

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டியது என் விரல்களில் தெரிந்தது.

“என்ன சொன்னா?”

பதில் இல்லை. இருக்க முடியாது. என் இரண்டு கட்டைவிரல்களும் இப்போது அவன் தொண்டையை இறுக்கியிருந்தன. கால்கள் தரையை உதைத்தன. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதும். ஆனால் அந்த வாக்கியம் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு மூச்சு வேண்டும்.

தளர்த்தினால் மறுபடி இறுக்க என் கைகளுக்கு வராது என்று தெரியும். தளர்த்தினேன்.

அவன் நெடுநேரம் இருமினான். பிறகு சொன்னான். கேட்டு முடித்ததும் விளக்கைத் தேடி ஏற்றினேன். தொப்பிப் பெண்மணியின் வீட்டுக்காரரும் நானும் அவனைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தோம்.

அவனுக்கு நீண்ட தண்டனை, எனக்குக் குறைந்த தண்டனை. விசாரணையில் எதற்காகக் கையை எடுத்தாய் என்று நீதிபதி கேட்டார். கேட்பதற்காக என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவனையும் கேட்டார்கள். கம்பி கட்டிய தாடையோடு, என்னிடம் சொன்னதையே சொல் மாறாமல் சொன்னான். நான் நம்பியது அதனால் மட்டும் அல்ல. அது அவளுடைய பேச்சு.

இருட்டில் இரும்புக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நெருங்கியபோது அவன் அவள் காலை மிதித்துவிட்டானாம். அவன் மூச்சு இரைத்திருக்கிறது. அவள் அவன் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாளாம்:

“பரவாயில்லைங்க, அப்படியே நில்லுங்க. பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்குங்க.”