ஐந்தாம் வருட உறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு விண்ணப்பத்துக்காக அவசரமாக இட்டுக்கட்டியது. புதிதாக எழுத வந்தவர்களுக்கும் புதிதாக ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கும் கைகொடுக்கிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. ஒரு வருடத்துக்கு அறை, மேசை, உதவித்தொகை. படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில், 'படைப்பின் முடிவு என்ன?' என்று கேட்டிருந்தார்கள்.

எழுதாத கதைக்கு யாராவது முடிவு கொடுப்பார்களா? நான் கொடுத்தேன். 'ஒப்பந்தம் முடிந்த இளம் ஆய்வாளர் ஒருத்தி அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறாள்.' தேர்வுக் குழுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம். உருக்கமாக இருந்ததாம். அப்போது எனக்கு ஒரு ஆய்வாளரையும் தெரியாது.

2

அந்த அறையில் பச்சை வெளிச்சம்

(வேண்டாம், கவிதை வாடை அடிக்கிறது. ஆனால் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. சன்னலோரம் முழுக்கக் கண்ணாடிக் குடுவைகள், உள்ளே பாசி, மழைக்காலத்தில் சுவரில் பொடி இலைகளோடு படருமே, அது. காலை வெயில் அவற்றின் வழியாக வந்து விழும்போது என் வெள்ளைத் தாள் குளத்தடியில் கிடப்பதுபோல் இருக்கும். பேனாவை எடுப்பேன், எங்கேயோ மிதந்துபோய், டீ ஆறியபிறகு திரும்பி வருவேன்.)

அறை எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் கதவைத் திறந்தால் எதிர் மேசையில் ஒருத்தி. "பயப்படாதீங்க, கடிக்காது" என்று குடுவைகளைக் காட்டினாள். நான் அவளைப் 'பாசி' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் என்னை 'எழுத்தாளரே' என்றாள், பாதி மரியாதை, பாதி நக்கல்.

காய்ந்துபோன பாசி எத்தனை காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்? அதுதான் அவள் ஆராய்ச்சி. வேலைக்குச் சேர்ந்த வாரமே பாசியைக் காயவைத்து, ஐந்து காகித உறைகளில் போட்டு ஒட்டி, எண் எழுதிவிட்டாள். வருடத்துக்கு ஒன்று திறக்க வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்ததோ ஒரு வருட ஒப்பந்தம். இரண்டு முறை நீட்டித்தார்கள். இது மூன்றாவது வருடம்.

"அஞ்சு வருஷ வேலைக்கு ஒரு வருஷ ஒப்பந்தமா?"

"பாசிக்குப் பொறுமை இருக்கு எழுத்தாளரே. ஆபீசுக்குத்தான் இல்ல."

(சும்மா சொல்லக்கூடாது, ஆதரவுக்குக் குறைவே இல்லை. மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு பயிலரங்கு. எதிர்காலத்தைத் திட்டமிடுவது எப்படி என்று இன்னொன்று. அவளுக்கென்று வழிகாட்டி ஒருவரும் இருந்தார். அவரும் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்.)

2 (மறுபடியும்)

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. என் வரைவில் அவள் பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாள். பாசி அழுகிற ஆளே இல்லை. மதியம் அம்மா கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குடுவைகளைத் துடைப்பாள்.

"நிரந்தரம் ஆயிடுச்சாடி?"

"பாசிக்கு ஆயிடுச்சும்மா. எனக்குத்தான் பாக்கி."

இதைச் சொல்லும்போது அவள் கண்களில்

(அடித்துவிட்டேன். கண்களை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.)

4

(மூன்றைத் தேடாதீர்கள். அதில் அவள் போய்விட்டாள். கிழித்துப் போட்டேன்.)

திங்கட்கிழமை என் மேசையில் கிடந்த விண்ணப்ப நகல் அவள் கண்ணில் பட்டுவிட்டது. ஒன்பதாவது கட்டத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"இது நானா?"

"ஐயோ, இல்லைங்க. உங்களைத் தெரியறதுக்கு முன்னாடி எழுதினது."

"அப்போ இன்னும் மோசம். யாருன்னே தெரியாம வெளிய அனுப்பியிருக்கீங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கோபப்படவுமில்லை, அதுதான் தாங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கடிதம் வரும். நீட்டிப்பாங்க, இல்லன்னா இல்ல. இல்லன்னா மிச்ச ரெண்டு உறையையும் எவனாவது குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுடுவான். அது என் கையில இல்ல. கதை உங்க கையிலதானே இருக்கு? அதுலயாவது என்னை உக்கார விடுங்களேன்."

5

உதவித்தொகையைக் கவனிக்கும் நல்கைப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் போய் நின்றேன். கதையின் முடிவை மாற்ற வேண்டும் என்றேன். அவர் நிமிராமலே இழுப்பறையைத் திறந்தார்.

"அதுக்கு ஒரு படிவம் இருக்கு. எதுக்குத்தான் இல்ல? காரணத்தைத் தெளிவா எழுதுங்க. மூணு கையெழுத்து வேணும். நீங்க, அறையில கூட இருக்கறவங்க, அப்புறம் கதையைப் படிச்சவங்க யாராவது ஒருத்தர் சாட்சி."

"அக்கா, அவங்க ஒப்பந்தத்தோட முடிவை மாத்தறதுக்கும் இந்த மாதிரி..."

அக்கா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அது மட்டும் இங்க இல்லப்பா."

6

வெள்ளிக்கிழமை காலை. பாசி மூன்றாவது உறையைப் பிரித்தாள். உள்ளே பழுப்பாக, தேய்ந்த பிரஷ்ஷின் நார்போல ஒரு துண்டு. தட்டில் வைத்து மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டாள். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்களும் குடுவைக்குள் இருப்பதுபோல் இருந்தது.

அவள் கணினியில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு" என்றேன்.

"இருக்கட்டும். முதல்ல இது."

ஓர் இலை நிமிர்ந்தது. அப்புறம் பக்கத்தில் ஒன்று. பழுப்புக்குள்ளிருந்து பச்சை மெல்ல எழுந்து வந்தது. "பாருங்க, மூணு வருஷம்" என்றாள். குரல் உடைந்தது. இந்த முறை அவள் கண்களைப் பார்த்தேன், எழுத மாட்டேன்.

கை ஈரத்தோடு படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'நான்காவதும் ஐந்தாவதும் இன்னும் திறக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

மின்னஞ்சலை அவள் இன்னும் திறக்கவில்லை. நீட்டித்திருக்கலாம். 'வருத்தத்துடன்' என்று தொடங்கியிருக்கலாம். அவள் போய், இரண்டு உறைகளும் என் இழுப்பறைக்கு வந்து, என் வருடமும் முடிந்து

(இல்லை. அவளுக்கு நான் ஒருமுறை முடிவு எழுதியதே போதும்.)

சாட்சிக் கையெழுத்து பாக்கி. இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள்தான். 'புதிய முடிவு' என்ற கட்டத்தையும் உங்களுக்காகவே காலியாக விட்டிருக்கிறேன். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். அவள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.