அரக்கு வைத்த தாயத்து

“நீங்களா இருந்தா உடைச்சிருப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க அண்ணி.”

“பாத்தும் சந்தேகம் தீரலன்னா திறந்துதான் ஆகணும் கீர்த்தி. நானா இருந்தா என்ன, வேற யாரா இருந்தா என்ன.”

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி இன்னும் நிரம்பவில்லை. தேவிப்ரியா ஜன்னலில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடியபடிதான் பதில் சொன்னாள். விமான நிலையத்தில் பெண் பயணிகளைத் திரைக்குள் சோதிக்கும் வேலை அவளுக்கு. விடுப்பு முடிந்து திரும்புகிறாள். நாளை அதே விமான நிலையம் வழியாகத்தான் நாத்தனார் கீர்த்தனா மஸ்கட்டில் இருக்கும் கணவனிடம் போகிறாள்.

கீர்த்தனாவின் கை இடுப்பை விட்டு எடுபடவில்லை. சுடிதாருக்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து. கீழ்பென்னாத்தூர்ப் பூசாரி தகட்டை மந்திரித்து உள்ளே வைத்து, வாயை அரக்கால் அடைத்துக் கொடுத்தது. பிள்ளை பிறக்கும்வரை அரக்கு உடையக் கூடாது.

“போன தடவ திரைக்குள்ள உடைச்சாங்க. வெறும் தகடுன்னு பாத்துட்டு, சாரிம்மான்னாங்க. அங்க போயி ஒரே வாரத்துல கரு கலைஞ்சிடுச்சு.”

“அதனால கலையல.”

“தெரியும். டாக்டரும் அதான் சொன்னாரு. மனசு கேக்கணுமே.”

“அப்ப பெட்டியில போட்டுடு.”

“வயித்துல இருக்கறதையும் பெட்டியில போடவா?”

தேவிப்ரியா கண்ணைத் திறந்தாள். “எத்தனை மாசம்?”

“ரெண்டு. அம்மாகிட்டகூட சொல்லல. போன தடவ ஊரெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா இல்லன்னு சொன்னது போதும். நாளைக்கு அந்தத் திரைக்குள்ள யாரோ ஒருத்தங்களுக்கு எல்லாத்தையும் சொல்லணும். அவங்களுக்கு ஏன் அண்ணி?”

“உனக்குப் பின்னாடி பிளேன்ல ஏறுறவங்களுக்கு உன்ன தெரியாதேம்மா.”

“யூனிபார்ம் மாட்டறதுக்கு முன்னாடியே ஆபீசர் ஆயிட்டீங்க.”

தேவிப்ரியாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஆபரேஷன் தையல், கட்டுத்துணி, உள்பாவாடையில் முடிந்த பணம் என்று தினமும் யார் யாருடைய மறைவுகளோ அவள் விரல்களில் படுகின்றன. எதையும் அவள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் வீட்டில் மகளைக் குளிப்பாட்டும்போதுகூட கை தானாக முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கித் தேடும். மகள் கூச்சத்தில் நெளிவாள். தாயத்துகளும் நிறையப் பார்த்திருக்கிறாள். அவற்றைத் திறந்து காட்டியவர்கள் விமானம் ஏறிய பிறகு என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

நடத்துனர் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

கீர்த்தனா துப்பட்டாவை மடிமேல் விரித்து, அண்ணியின் கையை எடுத்து அதற்கடியில் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். விரல்கள் கேட்காமலே வேலையைத் தொடங்கின. கயிறு, முடிச்சு, செம்பு, கடைசியில் சொரசொரப்பான அரக்கு. உள்ளே இருப்பது மட்டும் விரலுக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு உங்க வரிசைக்கே வரேன். எவ்ளோ நேரம் வேணா தொட்டுப் பாருங்க, எத்தனை தடவ வேணா மிஷினுக்குள்ள நில்லுன்னு சொல்லுங்க, நிக்கிறேன். இத மட்டும் உடைக்காம அனுப்புங்க அண்ணி.”