இடக்கைக்கு ஒரு விசை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாடிவீட்டு நர்ஸ் சொன்னது. "எழுதிக்கோங்கக்கா. ஆனா அழுமூஞ்சிக் கதையா ஆக்கிடாதீங்க" என்றாள்.

முதல் தொடக்கம்: 'பக்கவாதம் வந்து வலக்கை விழுந்த நாளிலிருந்து அவன்...' வேண்டாம். அழுமூஞ்சி.

இன்னொன்று: நர்ஸ் அன்று லீவு போட்டாள். அவள் அண்ணன் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவன். அவன் நிரல்களைத் தட்டி ஓட்டிப் பார்க்கும் எடிட்டரை ஒற்றைக் கைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். மறுநாள் மேலாளர் வீட்டுக்கே வருகிறார். சின்னதாக ஒரு நிரல் எழுதி ஓட்டிக் காட்டினால் வேலை தங்கும்.

இது பரவாயில்லை.

2

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.

"கம்பைலரே இல்லேங்குது அண்ணா."

"இருக்கு. எங்க இருக்குன்னு... அதுக்குத் தெரியல. வழி சொல்லணும்."

(கம்பைலர் என்றால் என்ன என்று அவளும் கேட்டாள். "நான் உளர்றத நீ டாக்டருக்குப் புரியறாப்ல சொல்றியே... அதான்" என்றானாம்.)

வழி காட்டியாயிற்று. நிரலை ஓட்டும் விசையை இடது மூலைக்கு மாற்றினாள். அவன் முன்பு எழுதிவைத்த ஏதோ ஒரு நிரலைத் திறந்து அழுத்தினாள். பச்சைக் குறி வந்தது.

"பார்த்தியா, நானும் இன்ஜினியர் ஆயிட்டேன்!"

அவன் சிரித்தான், வாயின் ஒரு பக்கத்தால். அந்தச் சிரிப்பு தேய்பிறை போல... (உவமையை அடித்துவிட்டேன். அவன் சிரித்தான், அவ்வளவுதான்.)

3

பிறகு அவன் எழுதினான். இடக்கையால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி. இரண்டு எண்களைக் கூட்டும் நிரல். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவனே முதல் நாளில் சொல்லித்தருவது.

அழுத்தினான். சிவப்பு. கீழே பிழைச்செய்தி வந்து நின்றது. அவன் அதைப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"எடிட்டர்ல ஏதோ தப்பு. நீ சரியா வைக்கல."

அவள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். பழைய நிரலை ஓட்டினாள். பச்சை.

"எடிட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணா."

அவன் இடக்கையால் திரையின் அடியைக் காட்டினான்.

"அப்ப... கீழ என்ன போட்டிருக்கு?"

"மூணாவது வரியில பிராக்கெட்டை மூடலையாம்."

"பிராக்கெட்னா?"

4

மேலாளர் வந்தாரா என்று கேட்டேன். "வந்தார்" என்றாள். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

நானே எழுதிப் பார்த்தேன். அவள் முன்கூட்டியே நிரலைத் திருத்தி வைக்கிறாள், மேலாளர் மெச்சுகிறார்: பொய். மேலாளர் கைகுலுக்க வலக்கையை நீட்டுகிறார், அவன்... இதை முடிக்க மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே: முந்தின நாள் அவள் பிராக்கெட் விசையைத் தொட்டுக் காட்டினாள். அவன் பிராக்கெட்டை மூடினான். நிரல் ஓடியது. விடையும் சரி. அவன் திரையைப் பார்க்கவில்லை.

"நாளைக்கும் இது எனக்கு ஞாபகம் இருக்குமாம்மா?"

தினம் எத்தனையோ நோயாளிகளுக்குப் பதில் சொல்கிறவள். அன்று என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.