இருநூறுக்கு இருநூற்று முப்பது

பிரிண்ட் கடைக்காரனின் மனைவி இறந்து ஏழு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்குத் திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றாள். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஆள் தெளிவாகத் தெரிந்தாள். வாசல்வரை வந்தவர்களுக்கு முகம் கலங்கியது. உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றால் குளியலறைச் சுவரில் பதித்த கற்கள் மாதிரி வெறும் சதுரங்கள், பழுப்பும் கறுப்புமாக. முதலில் பார்த்தது எதிர்வீட்டுத் தையல்காரி. மிஷினை நிறுத்திவிட்டு, கடைக்குப் போய்க்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டாள். "தம்பி, உங்க வீட்டம்மா ஜன்னல்கிட்ட நிக்குது. சொல்லிக்காம போறியே?" அவன் திரும்பிப் பார்த்தான். நின்றாள். அன்றைக்குக் கடை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தது.

ஏன் சதுரம் என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. அவன் கடையில் பாதி வேலை படங்களைக் குறைப்பது, மீதி வேலை பெரிதாக்குவது. ஒரு தேர்வு விண்ணப்பத்துக்கு ஐம்பது கேபிக்குள் வேண்டும், இன்னொன்றுக்கு இருபதுக்குள். விசாவுக்கு ஒரு அளவு, வரன் பார்க்கும் தளத்துக்கு வேறு அளவு, கடை திறப்பு பேனருக்குப் பன்னிரண்டு அடி. குறைப்பது நொடி வேலை. பெரிதாக்க வருபவர்களிடம்தான் மல்லுக்கட்டு. யாரோ ஃபோனில் அனுப்பிய தம்மாத்துண்டு படத்தை நீட்டி, சுவர் அளவுக்குப் போட்டுக் கொடு என்பார்கள். "படத்தைக் குறைக்கறப்ப தூக்கிப் போட்ட புள்ளி திரும்பி வராதுங்க. ஒரிஜினல் இருக்கா?" என்று கேட்பான். இல்லையென்றால், "அப்ப தள்ளி நின்னு பாருங்க. பேனர் எல்லாம் அப்படித்தான், முப்பது அடி தள்ளிப் போனா எல்லாரும் அழகு" என்பான். 'ஒரிஜினல் மேலேயே சேவ் செய்யாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருந்தவனும் அவன்தான்.

அவள் படம் எடுக்க விடாதவள். ஃபோனைத் தூக்கினால் கையை நீட்டி முகத்தை மறைப்பாள். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் குனிந்த தலை. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால் மட்டும், ஒரே ஒரு முறை, வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு நேராக நின்றாள். "சீக்கிரம் எடுப்பா, சிரிப்பு வருது." எடுத்தான். ஃபோனில் இடமில்லாததால் படத்தைக் கடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கிக் காட்டினான். அவளுடைய வலது கண்மணிக்குள், ஃபோனைப் பிடித்தபடி, கடுகளவில் அவன் நின்றுகொண்டிருந்தான். "என்னப்பா, உள்ளேயே குடி வந்துட்டியா?" என்று சிரித்தாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் சாயங்காலம் வீட்டிலிருந்து ஃபோன் செய்து பறந்தாள். இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு, அனுப்பிட்டியா, அனுப்பிட்டியா. இருநூறுக்கு இருநூற்று முப்பது புள்ளியாகக் குறைத்தான். நாற்பத்தெட்டு கேபி. வேறு பெயரில் சேமிக்க வேண்டியதை, அவசரத்தில் அதே பெயரில் சேமித்து அனுப்பிவிட்டான். பதினொரு நாள் காய்ச்சலில் அவள் போன பிறகு, சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று மாமியார் கேட்டபோதுதான் அதைத் திறந்து பார்த்தான். கண்மணி இருந்த இடத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வதைத் தனக்குச் சொல்லிக்கொண்டு மூடினான். திரும்பி வந்தவள் அந்த அளவில்தான் வந்திருந்தாள்.

சேதி கேட்டு மாமியார் முதல் பஸ் பிடித்து வந்தாள். நேரே உள்ளே போய் மகள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஏண்டி இப்படி இளைச்சிட்ட?" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "அந்தச் சின்னத் தோட்டையா போட்டிருக்கா மாப்பிள்ளை? நல்லதைப் போட்டுக்க வேண்டியதுதானே" என்று குறைப்பட்டாள். அவன் பார்த்தான். காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புச் சதுரம்.

"உங்களுக்கு எப்படி அத்தை தெரியுது?"

"கண்ணுல புரை விழுந்திருக்குல்ல. எனக்கு உலகமே கலங்கித்தான் தெரியுது. இவ மட்டும் என்ன?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒரு இமைப்பொழுது முகம் கூடியது, பிறகு உதிர்ந்தது. தையல்காரி யோசனை சொன்னாள், "அழுது பாரு தம்பி. கண்ணு கலங்குனா உனக்கும் தெரியும்." அதற்கும் முயன்றான். வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. தையல்காரியின் மாடி அறை காலியாக இருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் டேப் பிடித்து அளந்தான்: நாற்பத்திரண்டு அடி. போதும். பாயும் இரண்டு பாத்திரமும் எடுத்துக்கொண்டு குடிபெயர்ந்தான்.

அதன் பிறகு இந்த வீட்டில் மனைவியும் எதிர்வீட்டில் கணவனுமாகக் குடித்தனம் நடந்தது. காலையில் அவளைப் பார்த்தபடி பல் தேய்ப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டைப் பெருக்குவான், தலையை நிமிர்த்தாமல், சதுரங்கள் கண்ணில் படாமல். ஜன்னல் கம்பிகளைத் துடைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஐந்தாம் வருடம் மாமியாருக்குப் புரை எடுத்தார்கள். புதுக் கண்ணோடு வந்தவள் மகள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். இது என் பொண்ணு இல்லை என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். அப்புறம் வரவில்லை.

பதினான்காம் வருடம் கடையில் புகார்கள் வந்தன. ஒருவருடைய படத்தில் காது வெட்டுப்பட்டிருந்தது, இன்னொருவர் பெயர் பேனரில் பிழையாக இருந்தது. கண் டாக்டரிடம் போனான். "நாப்பது தாண்டினா கிட்ட இருக்கறது மங்கித் தெரியும், எல்லாருக்கும் வர்றதுதான்" என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கடையில் அதைப் போட்டுக்கொண்டான். திரையில் எல்லாரும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். தெரு நடுவிலிருந்து பார்த்தபோது அவள் தெளிவாக இருந்தாள். வாசலிலிருந்தும் தெளிவாக இருந்தாள். உள்ளே போனான். மாமியார் விட்டுப்போன நாற்காலி அங்கேயே கிடந்தது. கையெட்டும் தூரத்தில் முகம் கூடி நின்றது, உதிரவில்லை. அதே முப்பது வயது, சின்னத் தோடு, அடக்கிய சிரிப்பு. வலது கண்ணில் கடுகளவு கறுப்பாக ஏதோ இருந்தது. அது என்னவென்று அவன் உற்றுப் பார்க்கவில்லை.

அந்த மாதமே மாடி அறையைக் காலி செய்தான். கண்ணாடியைச் செருப்போடு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது வழக்கமாயிற்று. துணி கொடுக்க வரும் தையல்காரியும் இப்போதெல்லாம் தன் கண்ணாடியை அப்படிக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வருகிறாள்.